ரசீதை வைத்துக்கொண்டு பாரிஸ் போகலாமா?

கேள்வி: இத்தாலியில் போலோன்யா நகரில் முதுகலை சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வகுப்பு திங்கள் முதல் வியாழன் வரைதான். என்னோடு தங்கியிருக்கும் தோழிகள் நவம்பரில் பாரிஸ் போக 20 யூரோவுக்கு விமான டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு வெனிஸ், புளோரன்ஸ், சிங்க்வே தெர்ரே, சுவிட்சர்லாந்து என்று பட்டியல் நீள்கிறது. எனக்குத் தங்கும் அனுமதி அட்டை இன்னும் வரவில்லை. தபால் அலுவலகத்தில் கொடுத்த ரசீதுதான் கையில். விசா ஜனவரி நடுவில் முடிகிறது. மாதம் 120 யூரோவுக்கு மேல் ஊர் சுற்ற ஒதுக்க முடியாது. முட்டைகூடச் சேர்க்காத சைவம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, போலோன்யா

பதில்: பாரிஸ் கேள்விக்கு விடை ரசீதில் இல்லை, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் இருக்கிறது. உங்களுடையது டி வகை நீண்டகால விசா. அது செல்லுபடியாகும் வரை, பொதுவான எல்லை, விசா ஒப்பந்தம் கொண்ட மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய்வரலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் இத்தாலிக்கு வெளியே அந்த நாடுகளில் கழித்தது 90 நாளைத் தாண்டக்கூடாது, அவ்வளவே. எனவே நவம்பரில் பாரிஸ் போக உங்களுக்குத் தடையில்லை. ஜனவரி நடுவில் விசா முடிந்ததும் கதை மாறும். 'ரிச்செவூதா' என்று சொல்லும் அந்த ரசீது, நீங்கள் இத்தாலியில் முறையாகத் தங்கியிருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் அதைக் காட்டிப் பயணம் செய்ய முடியாது. அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆவது சகஜம் என்பதால், வெளிநாட்டுப் பயணம் எதுவானாலும் ஜனவரிக்கு முன், இத்தாலிக்குள் சுற்றுவது அதற்குப் பின் என்று பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. குரோஷியாவும் 2023 முதல் உள்ளே வந்துவிட்டது. லண்டனும் டப்ளினும் வெளியே. அவற்றுக்குத் தனி விசா. ஊருக்குப் போய்வரும் விமானத்துக்கும் ஒரு வார்த்தை: விசா முடிந்து ரசீது மட்டும் இருக்கும் நாட்களில் பிராங்க்பர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் நகரங்களில் மாறும் டிக்கெட்டை எடுக்காதீர்கள்.

எல்லை தாண்டும்போது அசல் பாஸ்போர்ட் வேண்டும். கைபேசியில் இருக்கும் படம் செல்லாது. ஷெங்கனுக்குள் சோதனையே கிடையாது என்று சீனியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஸ்லோவேனியா எல்லையில் இத்தாலி 2023 அக்டோபரில் மறுபடியும் சோதனையைத் தொடங்கியது. எல்லை ஊரான வெந்திமீலியா வழியாகப் பிரான்சுக்குள் போகும் ரயில்களிலும் பேருந்துகளிலும் பிரெஞ்சு போலீசார் ஏறிப் பார்ப்பது 2015-லிருந்து நடக்கிறது. இத்தாலிக்குள்ளேயே ஹாஸ்டலில் தங்கினாலும் பாஸ்போர்ட் கேட்பார்கள், விருந்தினர் விவரத்தைப் போலீசுக்குப் பதிவு செய்வது அவர்கள் கடமை. பாஸ்போர்ட்டும் ரசீதும் ஒரே உறையில் இருக்கட்டும்.

சரி, போகலாம். போக வேண்டுமா? மலிவு விமானத்தில் 20 யூரோ என்பது இருக்கைக்கு மட்டும். போலோன்யா நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஓடும் ஒற்றைத் தண்டவாள ரயில் ஏழு நிமிடத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் ஒருவழிக்கே பத்து யூரோவுக்கு மேல் வாங்கிவிடும். 'பாரிஸ்' என்று போட்டு விற்கும் மலிவு விமானங்களில் பல இறங்குவது போவே என்ற ஊரில். அங்கிருந்து நகரத்துக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பேருந்து. போக வர இந்த நான்கு துண்டுகளையும் கூட்டினால் விமானக் கட்டணத்தைத் தாண்டிவிடும். பாரிசில் இரண்டு இரவுப் படுக்கையும் சேர்ந்தால் மாத ஒதுக்கீடு அங்கேயே தீர்ந்துவிடும். போவதென்றால் நவம்பரின் ஒரே பயணம் அது என்று வைத்துக்கொண்டு போங்கள். ரயன்ஏரில் பறந்தால், இந்தியப் பாஸ்போர்ட்காரர் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன் அவர்கள் மேசையில் விசாவைக் காட்டி ஆவணச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். ஐரோப்பியத் தோழிகளுக்கு இது தேவையில்லை என்பதால் அவர்கள் நேராக நடப்பார்கள், நீங்களும் பின்னாலேயே போனால் கேட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுவீர்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

உங்கள் காசுக்கு ஏற்ற வண்டி 'ரெஜொனாலே' எனும் வட்டார ரயில். இத்தாலி ரயில் வரைபடத்தில் போலோன்யா ஒரு நாற்சந்தி. மிலான், வெனிஸ், புளோரன்ஸ், ரிமினி என்று நாலா பக்கமும் பாதை பிரியும் ஊரில் உட்கார்ந்துகொண்டு விமானம் தேடுவது, ஆற்றங்கரையில் வீடு வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது போல. வட்டார ரயிலில் கட்டணம் கிலோமீட்டர் கணக்கு. இரண்டு மாதம் முன்பு வாங்கினாலும் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு வாங்கினாலும் ஒரே விலை, இருக்கை எண் கிடையாது. ஃபெர்ராராவுக்கு அரை மணி நேரம், ஐந்தாறு யூரோ. ராவென்னாவுக்கு ஒன்றேகால் மணி நேரம், எட்டு யூரோவை ஒட்டி. வெனிசுக்குச் சுமார் இரண்டு மணி நேரம், பதினைந்து யூரோவை ஒட்டி. அதிவேக ரயில்களான ஃப்ரேச்சாரோஸ்ஸா, இத்தாலோ இரண்டிலும் விலை நம் ஊர் விமான டிக்கெட் மாதிரி ஏறும். முன்கூட்டி வாங்கும் 'சூப்பர் எகானமி' மலிவுதான். மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. புளோரன்சுக்கு மட்டும் இரண்டையும் ஒப்பிடுங்கள். அதிவேக ரயில் 40 நிமிடத்துக்குள் போய்விடும். வட்டார ரயிலில் பிராத்தோவில் மாறி இரண்டு மணி நேரம் வரை ஆகும். முன்கூட்டி வாங்கினால் விலை வித்தியாசம் சில யூரோதான். அறிவிப்புப் பலகையில் புளோரன்சைத் தேடாதீர்கள், 'ஃபிரென்ஸே' என்றுதான் இருக்கும்.

புதிதாக வருபவர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் டிக்கெட் வாங்காமல் இல்லை, முத்திரை போடாமல். வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை நடைமேடை ஓரத்துச் சிறு இயந்திரத்தில் நுழைத்துத் தேதியும் நேரமும் அச்சடித்த பிறகே ஏற வேண்டும். அடித்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குச் செல்லும். செயலியில் வாங்கினால், ஏறும் முன் 'செக்-இன்' அழுத்த வேண்டியிருக்கிறதா என்று அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரம் பழுதானால் ரயில் கிளம்பும் முன் நடத்துநரைத் தேடிப்போய்ச் சொல்லிவிடுங்கள்.

போலோன்யா நிலையம் இன்னொரு பொறி. பலகையில் '4 ஓவெஸ்த்' என்றிருந்தால் அது நான்காம் நடைமேடை அல்ல, மேற்குப் பக்கத்தில் தனியாக ஒதுங்கியிருக்கும் இன்னொரு நான்கு. 16 முதல் 19 வரை அதிவேக ரயில்களுக்குத் தரைக்கு அடியில். மேலிருந்து அங்கே இறங்கிப்போகப் பத்து நிமிடம் பிடிக்கும். வட்டார ரயிலிலிருந்து அதிவேக ரயிலுக்கு மாறுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே பயணமாக, ஒரே பதிவில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் உங்கள் நஷ்டம். ஒரே பதிவில் இருந்தால் அடுத்த ரயிலில் ஏற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கால அட்டவணையில் 'ஃபெரியாலே' என்று பார்த்தால் விடுமுறை நாள் என்று தோன்றும். நேர் எதிர்! அது திங்கள் முதல் சனி வரையிலான வேலை நாள். ஞாயிறும் பண்டிகையும் 'ஃபெஸ்தீவோ'. சனிக்கிழமை பேருந்தில் ஒரு சிறு ஊருக்குப் போய்விட்டு, ஞாயிறு திரும்ப வண்டியே இல்லாமல் நிற்பவர்கள் பாதிப் பேர் இந்தச் சொல்லில் வழுக்கியவர்கள்தான். எங்கே போனாலும் ஞாயிறு மாலை திரும்பும் கடைசி வண்டியை முதலில் பாருங்கள், பிறகு அதற்கு முந்தியதைப் பிடிக்கத் திட்டமிடுங்கள்.

வேலைநிறுத்தத்தை, 'ஷோப்பெரோ'வை, மழையைப் போல எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல செய்தி, அது சொல்லிவிட்டுத்தான் வரும். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு தேவை, போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதிவாரியாகப் பட்டியல் இருக்கும். காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை சில வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும் என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். அந்த உத்தரவாதம் வேலை நாட்களுக்கு மட்டும். வார இறுதியில் ரயில் வேலைநிறுத்தம் பல முறை சனி இரவு 9-லிருந்து ஞாயிறு இரவு 9 வரை அறிவிக்கப்படுகிறது, அதாவது நீங்கள் திரும்பும் நேரம் முழுக்க. அப்படி அறிவிப்பு வந்தால் ஒருநாள் பயணத்தைச் சனிக்கிழமையோடு முடித்துக்கொள்ளுங்கள். ரத்தான ரயிலின் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், ஹாஸ்டல் பணம் கிடைக்காது.

இனி ஊர்கள். முதல் பயணம் ராவென்னாவாக இருக்கட்டும். காலை ரயிலில் போய் மாலை திரும்பலாம், ஊர் சமதளம், நிலையத்திலிருந்து சான் விதாலே தேவாலயம் கால் மணி நேர நடை. கி.பி. 547-இல் திருநிலைப்படுத்தப்பட்ட அந்தக் கோயிலின் சுவரில் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் தங்கக் கண்ணாடித் துண்டுகளில் நிற்கிறார்கள். அடுத்திருக்கும் கல்லா பிளாசிதியா கல்லறை மண்டபத்தின் நீலக்கூரைக்கு நுழையும் நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும், உள்ளே ஐந்து நிமிடம்தான் விடுவார்கள். நகருக்குள் இருக்கும் முக்கியமான ஐந்து இடங்களை மறைமாவட்டம் நடத்துகிறது, ஒரே கூட்டு டிக்கெட். மன்னர் தியோடோரிக்கின் கல்லறையும், ஊருக்கு வெளியே ஐந்து கிலோமீட்டரில் உள்ள கிளாஸ்ஸே தேவாலயமும் அரசுடையவை. இது ஏன் முக்கியம் என்றால், மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம்; மறைமாவட்ட இடங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கவிஞர் தாந்தே 1321-இல் இறந்தது இந்த ஊரில்தான். கல்லறையைப் பார்க்கக் காசு வேண்டாம்.

அந்த முதல் ஞாயிறைப் புளோரன்சின் உஃபீத்ஸி கலைக்கூடத்தில் வரிசையில் நின்று செலவழிப்பவர்கள் அதிகம். அதைவிட மோதெனாவின் எஸ்தென்சே கலைக்கூடம், பார்மாவின் பிலோத்தா போன்ற பக்கத்து ஊர் அருங்காட்சியகங்களுக்குப் போனால் ஓவியத்தின் முன்னால் நிற்க இடம் கிடைக்கும். 18 முதல் 25 வயதினருக்கு 2 யூரோ என்ற பலகையைப் பார்த்து மகிழ வேண்டாம், அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. ஆனால் நீங்கள் படிப்பது கட்டடக்கலை, தொல்லியல், கலை வரலாறு, பாரம்பரியப் பாதுகாப்பு போன்ற துறையானால் அரசு அருங்காட்சியகங்களில் இலவச நுழைவு உண்டு. நடப்புக் கல்வியாண்டின் சேர்க்கைச் சான்றைக் காட்ட வேண்டும், பல்கலைக்கழக இணையதளத்திலேயே தரவிறக்கலாம்.

வெனிசைக் குளிர்காலத்தில் பாருங்கள். 2024 முதல் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், வார இறுதிகள் அதில் கட்டாயம் மாட்டும். 5 யூரோ, கடைசி நேரத்தில் பதிந்தால் 10. நவம்பர், டிசம்பரில் அது இல்லை. டிக்கெட் 'சாந்தா லூச்சியா' வரை இருக்கட்டும். 'மெஸ்த்ரே' என்பது பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள நிலப்பகுதி. படகுப் பேருந்தில் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, எனவே நடந்துவிடுங்கள். நிலையத்திலிருந்து சான் மார்கோ சதுக்கம் முக்கால் மணி நேரத்துக்குள் வரும். சதுக்கத்துப் படிகளில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தால் அபராதம் உண்டு.

சிங்க்வே தெர்ரேவுக்கு ஒரே நாளில் போய்வராதீர்கள். அதன் வாசலான லா ஸ்பேத்ஸியா போகவே மூன்று மணி நேரம் ஆகும், இடையில் வண்டி மாற வேண்டும். அங்கே ஒரு இரவு தங்கி, சிங்க்வே தெர்ரேவின் ஐந்து கிராமங்களையும் இணைக்கும் ரயிலும் நடைபாதையும் சேர்ந்த ஒருநாள் அட்டையை வாங்குவது சிக்கனம். வானிலை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள், அதனால் மழை மாதமான நவம்பரை விட்டு மார்ச் கடைசிக்குத் தள்ளுங்கள். இத்தாலிக்குள்தான் என்பதால் பாஸ்போர்ட்டும் ரசீதும் போதும். ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் ஏறினால் அபராதம் போடும் விதி இருக்கிறது, வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சுவிட்சர்லாந்துக்கு ஜனவரிக்கு முன் ஒரு பயணம் என்றால் பெர்னினா சிவப்பு ரயில். மிலானிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் எல்லை ஊரான திரானோ. அங்கிருந்து 2,253 மீட்டர் உயரத்து நிலையத்தைத் தாண்டிச் சென் மோரிட்ஸ் வரை. கண்ணாடிக் கூரை 'எக்ஸ்பிரஸ்'ஸுக்கு இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு அது கிடையாது, ஜன்னலும் திறக்கும். போலோன்யாவிலிருந்து ஒரே நாளில் முடியாது, திரானோவில் ஒரு இரவு தேவை. எல்லையைத் தாண்டும் முன் கைபேசியின் இணையத்தை அணையுங்கள். ஐரோப்பிய ரோமிங் விதி சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது, சில நிமிடத்தில் ரீசார்ஜ் பணம் கரையும்.

சாப்பாடுதான் உங்களுக்குக் கடினம். போலோன்யா இருக்கும் எமிலியா-ரொமாஞா பன்றியும் முட்டையும் ஆளும் பிரதேசம். கடையில் பெருமையாகச் செய்யும் 'பாஸ்தா ஃப்ரெஸ்கா'வில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தாலியத்தெல்லே, தோர்தெல்லோனி, ஃபெர்ராராவின் பூசணிப் பூரணம் வைத்த கப்பெல்லாச்சி எல்லாம் இந்த மாவுதான். உலர்ந்த ஸ்பகெத்தியும் பென்னேயும் ரவையும் தண்ணீரும் மட்டும். 'பாஸ்தா செக்கா?' (உலர்ந்த பாஸ்தாவா?) என்று கேட்டு, தக்காளிச் சாற்றில் வாங்குங்கள். ராவென்னா, ரிமினி பக்கம் கிடைக்கும் பியதீனா நம் சப்பாத்திக்குச் சொந்தக்காரி, ஆனால் வழக்கமான மாவில் 'ஸ்த்ருத்தோ', அதாவது பன்றிக்கொழுப்பு சேரும். 'அல்லோலியோ' என்று எழுதியிருப்பது ஆலிவ் எண்ணெயில் செய்தது. ஃபெர்ராராவின் முறுக்குரொட்டியிலும் அதே கொழுப்புதான். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பிரோஷூத்தோ எனும் பதப்படுத்திய பன்றித்தொடையைத் தூவிக் கொடுப்பார்கள். அதை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் உண்டு. 'நியெந்தே கார்னே, நியெந்தே பெஷே, நியெந்தே உவோவா' என்று இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் எனச் சொல்லிவிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. தவிர்ப்பதானால் 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ', பாலாடைக்கட்டி இல்லாமல். மரினாரா பிட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரெகனோ, எண்ணெய் மட்டும், எங்கும் கிடைக்கும், பலகையில் மலிவானதும் அதுதான். லா ஸ்பேத்ஸியாவில் 'ஃபரினாத்தா' கேளுங்கள்: கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், விறகடுப்பு. அடை சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. பில்லில் வரும் 'கோப்பெர்த்தோ' ஏமாற்று அல்ல, ஆளுக்கு இரண்டு யூரோ அளவில் மேசைக் கட்டணம். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு.

120 யூரோவுக்கு மாதம் இரண்டு கிட்டத்து ஒருநாள் பயணம், இரவு தங்கும் பயணம் ஒன்று வரும். நான்காவது வார இறுதியைத் துணி துவைக்கவும் படிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி தேர்வுக் காலம். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகிய விடுமுறைகள் வார இறுதியோடு ஒட்டினால் இத்தாலியே ரயிலில் ஏறிவிடும், அந்த நாட்களில் ஃபெர்ராராவில் மிதிவண்டி வாடகைக்கு எடுத்து ஒன்பது கிலோமீட்டர் கோட்டை மதிலைச் சுற்றுங்கள்.

பாரிஸ் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் ஒன்று. தபால் அலுவலகத்தில் ரசீதோடு, கைரேகை பதிய குவெஸ்தூரா எனும் காவல் தலைமை அலுவலகத்துக்கு வரச்சொல்லும் தேதியும் நேரமும் அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த நாள் நவம்பர் பயணத்தில் விழுகிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.